மூன்றரை நிமிடம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசகராக வேலை பார்த்த ஒரு திட்டம், ஆட்டுப் பண்ணைகளின் காகிதப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றுவது. எந்த ஆடு எந்தத் தேதியில் குட்டி போட்டது, எத்தனை குட்டி, அவற்றில் எத்தனை பிழைத்தன என்று வரிசை வரிசையாகத் தகவல். சோதனைக்காக அதை இனவாரியாகப் பிரித்து, மாதவாரியாகக் குவித்துப் படம் போட்டேன். ஹைட்ஷ்னூக்க என்ற வட ஜெர்மானிய இனத்தின் படம் ஒரே ஒரு மலை: குளிர்கால முடிவில் ஏறி, வசந்தத்தில் இறங்கிவிடுகிறது. மீதி மாதங்கள் வெறும் தரை. நான் வசிக்கும் தென் ஜெர்மனியில் அதிகம் மேயும் மெரினோலாண்ட்ஷாஃப் இனத்தின் படமோ வருடம் முழுக்கப் பரந்து கிடக்கும் மேடும் பள்ளமும். இரண்டும் செம்மறிகள். இரண்டும் இந்த நாட்டு வெளிச்சத்தில் மேய்பவை.

எனக்கு ஆடு புதிதல்ல. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் ஊர்க்காரன். அறுப்பு முடிந்த காடுகளில் கிடை போடுவதற்குக் கீதாரிகள் மந்தையோடு வருவார்கள்; ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த நிலம் அடுத்த வெள்ளாமைக்குக் கொழிக்கும். இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் என்று இனப் பெயர்களைப் பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். அப்போது எல்லாமே ஆடுதான். அந்த ஆடுகளின் குட்டிக் கணக்கைப் படமாகப் போட்டால் இப்படி ஒற்றை மலை வராது. வயிறு நிறைந்தால் எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரும். மழைக்குப் பின் புல் தழைத்தால் சினை பிடிப்பது கூடும், வறட்சியில் குறையும். ஊர்ப் பக்கத்தில் ஆட்டின் காலண்டரை எழுதுவது மழை. இங்கே எழுதுவது வெளிச்சம்.

காரணம் எளிய கணக்கு. செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். குட்டி விழும்போது புல் இருக்க வேண்டும். தாய்க்குப் பால் அப்போதுதான் ஊறும். ஜெர்மனியில் புல் தழைப்பது மார்ச், ஏப்ரலில். அப்படியென்றால் ஐந்து மாதம் முன்னதாக, இலையுதிர்காலத்தில், புல் வாடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டின் உடல் முடிவெடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த வசந்தத்தைப் பற்றி நம்பத்தக்க சேதி சொல்லக்கூடியது எது? வெப்பநிலை ஏமாற்றும். அக்டோபரில் ஒரு வாரம் கோடை திரும்பி வந்தாற்போலக் காயும். மழையும் அப்படியே. பகலின் நீளம் மட்டும் எந்த வருடமும் பிசகாது.

மதுரையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 1 மணி 10 நிமிடம். நான் இருக்கும் டூபிங்கன் பக்கம் டிசம்பரில் பகல் 8 மணி 20 நிமிடம், ஜூனில் 16 மணி நேரத்துக்குச் சற்று மேல். செப்டம்பர் கடைசியில் மதுரையில் ஒவ்வொரு நாளும் பகல் அரை நிமிடம் குறைகிறது. இங்கே மூன்றரை நிமிடம். ஒரு வாரத்தில் இருபத்தைந்து நிமிடம் போய்விடும். மாலை நடைக்குப் போகிறவர்களுக்கே இது தெரியும். ஆட்டுக்குத் தெரியாமல் இருக்குமா?

தெரிகிறது என்பதை 1949-இல் நீல் யேட்ஸ் கேம்பிரிட்ஜில் காட்டினார். கொட்டகையில் விளக்கு வைத்துப் பகல் நீளத்தின் வருடச் சுற்றையே அவர் தலைகீழாக்கினார். ஆடுகளின் இனப்பெருக்கக் காலமும் தலைகீழானது. அதற்கும் முன்பே, வட கோளத்திலிருந்து தென் கோளத்துக்குக் கப்பலில் போன ஆடுகள் சீக்கிரமே புதிய நாட்டின் பருவத்துக்கு மாறிக்கொண்டதை எஃப். எச். ஏ. மார்ஷல் எழுதியிருந்தார்.

உள்ளே நடப்பது இது. கண்ணில் விழும் வெளிச்சச் சேதி மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தைத் தொட்டுக்கொண்டு பீனியல் சுரப்பிக்குப் போகிறது. அது இருட்டில் மட்டும் மெலட்டோனினைச் சுரக்கிறது. நீண்ட இரவென்றால் நீண்ட நேரம், குறுகிய இரவென்றால் கொஞ்ச நேரம். பீனியல் அகற்றப்பட்ட ஆடுகளுக்கு வெளியிலிருந்து மெலட்டோனினை நீண்ட இரவின் அளவிலோ குறுகிய இரவின் அளவிலோ செலுத்தினால், கொட்டகையில் என்ன விளக்கு எரிந்தாலும், உடல் அந்த அளவையே நம்புகிறது. மிச்சிகனில் ஃப்ரெட் கார்ஷின் குழு 1980-களில் செய்த வேலை இது.

அந்த நீளத்தைப் படிப்பது எது என்பதற்கு விடை வர மேலும் கால் நூற்றாண்டு ஆனது. பிட்யூட்டரி சுரப்பியின் காம்பைச் சுற்றி மெல்லிய உறைபோல ஒரு பகுதி. அங்கேதான் மெலட்டோனின் வந்து ஒட்டுகிறது. 2010-இல் பிரிட்டனில் செம்மறிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அங்கே ஒரு மரபணுவைக் கண்டன. இஒய்ஏ3 என்று சுருக்கிச் சொல்வார்கள். விரித்தால், ‘கண்கள் இல்லை’ என்று பொருள். இந்த மரபணுக் குடும்பத்தை முதலில் பழ ஈயில் கண்டுபிடித்தார்கள். அது பழுதான ஈ கண்ணில்லாமல் பிறந்ததால் அந்தப் பெயர். கண்ணில்லை என்று பெயர் வாங்கிய ஒன்று மண்டைக்குள் உட்கார்ந்து பகலைப் படிக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இருட்டு தொடங்கி மெலட்டோனின் ஏறியதிலிருந்து ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து இந்த மரபணு தலைதூக்கப் பார்க்கிறது. குளிர்காலமென்றால் அப்போதும் இரவுதான். மெலட்டோனின் அதை அமுக்கிவிடும். கோடையென்றால் அதற்குள் விடிந்து, மெலட்டோனின் வடிந்திருக்கும்; மரபணு முழு வேகத்தில் இயங்கும். அது இயங்கினால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் அங்கே உற்பத்தியாகிறது. வழக்கமாக இரத்தத்தில் இறங்கித் தொண்டைச் சுரப்பிக்குப் போகவேண்டிய அந்த ஹார்மோன், இங்கே எதிர்த்திசையில், மேலே மூளைக்குள் போகிறது. அங்கே ஹைப்போதலாமஸில் தைராய்டு ஹார்மோனின் வீரியத்தைக் கூட்டும் ஒரு மரபணு விழிக்கிறது, குறைக்கும் மரபணு அடங்குகிறது. செம்மறியில் இதன் முடிவு, இனப்பெருக்கம் நின்றுபோவது. ஜப்பானியக் காடையில் இதே தொடர், இதே ஹார்மோன். முடிவு மட்டும் நேர் எதிர், முட்டையிடும் காலம் தொடங்குகிறது. குதிரைக்கும் நீண்ட பகலே பருவம். பதினொரு மாதம் சுமக்கிற விலங்கு வசந்தத்தில் ஈன வேண்டுமென்றால் வசந்தத்தில்தான் இணைசேர வேண்டும். சேதி எல்லோருக்கும் ஒன்றே. அதை என்ன செய்வதென்பது அந்தந்த உடலின் கணக்கு.

இந்தப் பன்னிரண்டு மணி நேரக் கணக்குக்கு ஒரு மூதாதை உண்டு. எர்வின் ப்யூனிங் என்ற தாவரவியலாளர் 1936-இல், மரபணு என்றால் எந்தப் பொருள் என்றே தெரியாத காலத்தில், ஒரு கருத்தை முன்வைத்தார்: உயிர்களுக்குள் ஒரு நாள்-கடிகாரம் ஓடுகிறது, அதன் ஒரு பாதி வெளிச்சத்துக்கு, மறு பாதி இருட்டுக்கு, இருட்டுக்கான பாதியில் வெளிச்சம் வந்து விழுந்தால் உயிர் அதை ‘நீண்ட பகல்’ என்று படித்துக்கொள்கிறது. அவரைச் சிந்திக்க வைத்தவை அவரைச் செடியின் இலைகள். பெரும்பாலோர் ஏற்கவில்லை. போருக்குப் பின் பல்லாண்டுகள் அவர் டூபிங்கனில் பேராசிரியராக இருந்தார். அறுபதுகளில் அவரிடம் ஆய்வு செய்ய வந்தவர் எம். கே. சந்திரசேகரன். ஊர் திரும்பி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வேரூன்றச் செய்தவர் அவர்தான். நான் வேலைக்குப் போக ரயில் மாறும் ஊருக்கும் நான் கல்லூரி படித்த ஊருக்கும் இடையே இப்படி ஒரு பழைய பாதை இருப்பது எனக்குத் தெரிய நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

சந்திரசேகரனும் மாரிமுத்து, சுப்பராஜ் ஆகிய இரு ஆய்வாளர்களும் எழுபதுகளின் கடைசியில் மதுரைப் பக்கத்துக் குகை வௌவால்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குகையின் நிரந்தர இருட்டில் கூண்டில் அடைபட்ட வௌவாலுக்கு, வெளியே பொழுது சாய்ந்ததா என்று பார்க்க வழியில்லை. ஆனாலும் சுற்றியிருக்கும் கூட்டம் மாலையில் கிளம்பிப் போய் விடியலில் திரும்புவதை வைத்து அது நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. கூட்டம் இல்லாத குகையில் தனியாக வைத்தால், அதன் நாள் கொஞ்சம் கொஞ்சமாக உலகத்தின் நாளிலிருந்து விலகிப்போனது.

இதைப் படித்துக்கொண்டிருந்த வருடத்தில்தான் அம்மா வந்தார். அப்பா போன பிறகு முதல் பயணம். 90 நாள் விசா, அக்டோபர் தொடக்கத்திலிருந்து. அதாவது நாளுக்கு மூன்றரை நிமிடம் பகல் சுருங்கும் காலம். விடுமுறை கிடைத்ததும் விமானக் கட்டணமும் அப்படி. எங்களுக்குள் இருந்த கேள்வி பயணத்தைவிடப் பெரியது: அம்மா இனி அங்கே தனியாக இருப்பாரா, இல்லை வருடத்தில் பாதியாவது எங்களோடு இருக்கப் பழகுவாரா?

நவம்பரில் அம்மா சொல்லிவிட்டார். “இந்த ஊரு நம்ம உடம்புக்கு ஆகாதுப்பா. நம்ம வெயில்ல பொறந்த உடம்பு. நாலு மணிக்கு விளக்கு வைக்கிற ஊர்ல என்ன பொழப்பு?”

இங்குள்ள தமிழர் வீடுகளில் நவம்பர்தோறும் கேட்கும் பேச்சுதான். மருத்துவர் வைட்டமின் டி எழுதித் தருகிறார். நாம் உடம்பின் பூர்வீகத்தைப் பேசுகிறோம். அம்மாவின் விஷயத்தில் எனக்கு வௌவால்தான் நினைவுக்கு வந்தது. சித்தி காலை ஐந்து மணிக்குக் கோலம் போட்டுவிட்டு அனுப்பும் காலை வணக்கப் படம் இங்கே இரவு பன்னிரண்டரைக்கு வந்து விழும், அம்மா விழித்துக்கொள்வார். ஊரில் எட்டு மணிக்கு வரும் சீரியல் இங்கே மாலை மூன்றரைக்கு. அது முடிந்து எழுந்தால் சன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருக்கும். சாப்பிட்டுப் படுக்கத்தான் தோன்றும். அவருடைய கூட்டம் திருமங்கலத்தில் பறந்துகொண்டிருந்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு மணியைப் பின்னுக்குத் தள்ளியபோது கேட்டார்: “இருக்கிற குழப்பம் பத்தாதுன்னு கவருமெண்டே மணியத் திருப்புதாடா?”

‘வெயிலில் பிறந்த உடம்பு’ என்பது எவ்வளவு தூரம் உண்மை? மனிதரைப் பற்றி இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல நான் தகுதியுள்ளவன் இல்லை. ஆடுகளைப் பற்றி ஓரளவு சொல்ல முடியும்.

முதலாவது, ஆட்டின் உடல் இன்றைய பகல் எவ்வளவு நீளம் என்று மட்டும் பார்ப்பதில்லை. கார்ஷின் குழு ஆடுகளை 13 மணி நேரப் பகலில் வைத்துப் பார்த்தது. நீண்ட பகலிலிருந்து அங்கே வந்த ஆட்டுக்கு அந்தப் பதின்மூன்று மணி நேரம் குறுகிய பகல். குறுகிய பகலிலிருந்து வந்ததற்கு அதுவே நீண்ட பகல். ஒரே விளக்கு, ஒரே நேரம், இரண்டு பொருள். எங்கள் தொழில் மொழியில் சொன்னால், நிரல் இப்போதைய மதிப்பை மட்டும் படிப்பதில்லை. முந்தைய மதிப்பையும் கையில் வைத்திருக்கிறது. இந்த நினைவு தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. தாயின் மெலட்டோனின் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டியைச் சேர்கிறது.

இரண்டாவது இன்னும் வியப்பு. மாறாத பகல் நீளத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் ஆட்டின் பருவம் தானாக வந்து போகிறது, சற்றே பிசகிய கணக்கோடு. ஆண்டு என்பது ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்தின் வேலை அதை ஓட்டுவதல்ல, அவ்வப்போது திருத்துவது. அதற்கு வருடம் முழுக்கச் சேதி தேவையில்லை; பீனியல் இல்லாத ஆடுகளுக்கு வருடத்தில் 70 நாள் மட்டும் சரியான காலத்து மெலட்டோனின் கொடுத்தாலே உள்வருடம் நேராகிவிட்டது.

இனி நான் சொல்ல வந்த ஆய்வு. 2004-இல் பிலிப் ஷெமினோவும் அவருடைய பிரெஞ்சுக் கூட்டாளிகளும் வெளியிட்டது. கரீபியத் தீவுகளின் கிரியோல் வெள்ளாடு, பிளாக் பெல்லி செம்மறி. வெப்பமண்டல இனங்கள், ஏறக்குறைய வருடம் முழுக்கப் பருவத்துக்கு வருபவை, நம்மூர் ஆடுகளைப் போல. இவற்றைக் கருவாகவே கடல் கடத்திக் கொண்டுவந்து பெற்றெடுக்க வைத்தார்கள். அப்படிப் பிறந்தவற்றையும் அவற்றின் பிள்ளைகளையும் வெளிச்சம் புகாத கொட்டகைகளில் இரண்டு பிரிவாக வைத்தார்கள். ஒரு பிரிவுக்கு 11 முதல் 13 மணி நேரம் வரை மாறும் பகல். இன்னொன்றுக்கு 8 முதல் 16 மணி நேரம் வரை. கிட்டத்தட்ட மதுரை வெளிச்சமும் டூபிங்கன் வெளிச்சமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இரத்தப் பரிசோதனை. டூபிங்கன் வெளிச்சத்தில் இருந்த வெள்ளாடுகள் ஐரோப்பிய ஆடுகளைப் போலவே கோடையில் கருமுட்டை விடுவதைப் பெருமளவு நிறுத்திக்கொண்டன, முதல் வருடத்திலிருந்தே. செம்மறிகளில் இரண்டு பிரிவுகளிலுமே பருவம் தெளிவாகத் தென்பட்டது, பிரிவுகளுக்கிடையே வித்தியாசம் கொஞ்சம்தான்.

கடிகாரம் அந்த உடல்களில் எப்போதும் இருந்திருக்கிறது. தீவில் வெளிச்சம் அதைக் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கேயே பிறந்த என் மகளுக்கு இதை இரவு உணவின்போது விளக்கினேன். கருவாகக் கடல் கடந்த ஆடுகள் என்றதும் சிரித்தாள். “அப்பா, அது நான்தானே?” அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: “ஆட்டுக்கு என்னப்பா, பிரான்சுல புல்லு போட்டா பிரான்சு ஆடு. எனக்கு அப்படியா?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “கொட்டகைக்குள்ள அடைச்சுப்போட்டா எந்த ஆடும் மாறத்தான் செய்யும்” என்றார். இரண்டாவது வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு அவர் வெளியே போய் ஐந்து நாள் ஆகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆல்ப் மேட்டுநிலத்துக்குக் கூட்டிப்போனேன். மெரினோலாண்ட்ஷாஃப் மந்தை ஒன்று பனி விழாத சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது. நவம்பர் கடைசியில், இரண்டு வாரம்கூட ஆகாத குட்டிகள்! அம்மாவின் முகம் மலர்ந்ததை அந்தப் பயணத்தில் முதல் தடவை பார்த்தேன். “நம்மூரு ஆடு மாதிரியே நெனச்ச நேரத்துல போடுது பாரு.”

அது நம்மூர் ஆடு இல்லை. 1786-இல் ஸ்பெயினிலிருந்து வூர்ட்டெம்பெர்க்குக்குக் கொண்டுவரப்பட்ட மெரினோக்களை உள்ளூர் ஆடுகளோடு கலந்து உருவாக்கிய வழி. மெரினோவே பருவக் கட்டு தளர்ந்த இனம். அதன் மேல் தலைமுறை தலைமுறையாக, எந்தப் பருவத்திலும் சினை பிடிக்கும் ஆடுகளை விரும்பி வைத்துக்கொண்டார்கள். ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டி இறைச்சி விற்க வேண்டுமென்றால் குட்டி குளிர்காலத்துக்கு முன்போ அதன் தொடக்கத்திலோ பிறந்திருக்க வேண்டும். ஈஸ்டர் நிலவைப் பார்த்துத் தேதி மாறும். பக்ரீத் வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னே நகரும். ஜெர்மானிய நகரங்களில் ஆட்டுக்கு அதுவும் பெரிய சந்தை. ஹைட்ஷ்னூக்க இவை எதையும் மதிப்பதில்லை. ல்யூனபுர்க் பொட்டலின் சாம்பல் நிற ஆடு, கறுத்த குட்டிகளை வசந்தத்தில்தான் போடும். மெரினோலாண்ட்ஷாஃப் சந்தைக்கு வளைந்துகொடுக்கிறது. மகசூல் அதில்தான். எனக்கு ஹைட்ஷ்னூக்கமேல் கொஞ்சம் கூடுதல் மரியாதை. ஆட்டை வைத்துப் பிழைப்பவர் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கும் விலை உண்டு. பகல் நீளம் பிசகாது என்று மேலே எழுதினேன். பகல் நீளம் பிசகவில்லை, வசந்தம் பிசகிவிட்டது. பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதிக் காடு ஒன்றில் ரோ மான்களைக் கால் நூற்றாண்டுக்கு மேல் கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதுதான்: தளிர் விடும் நாள் முன்னே முன்னே வந்துகொண்டிருக்கிறது, மான் குட்டி போடும் நாள் நகரவேயில்லை. வெளிச்சத்தை நம்பிப் பிறக்கும் குட்டி, தளிர் முற்றிய காட்டுக்குள் வந்து சேர்கிறது, பிழைப்பது குறைகிறது. மந்தையாடு என்றால் மேய்ப்பர் தீவனம் வைத்துச் சமாளிப்பார். மானுக்கு யார் வைப்பது? வைகாசி மழையை நம்பி விதைத்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அம்மா ஜனவரி முதல் வாரம் கிளம்பினார். அதற்குள் ஒரு பழக்கம் மாறியிருந்தது. இரவில் கைப்பேசியைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பும் ஏழு மணி இருட்டில் எழுந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டார். ஒத்துப்போனாரா, விருந்தாளியாகப் பொறுத்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. அடுத்த பயணம் பற்றிப் பேச்செடுத்தால் “பாப்போம்” என்கிறார். கோடைக்கு வரச் சொன்னால், ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் அடிக்கிற ஊரில் எப்படித் தூங்குவது என்கிறார்.

ஞாயிறுதோறும் பேசும்போது ஆட்டு விசாரணை போல ஒன்று நடக்கிறது. போன மாதக் கடைசியில், பிப்ரவரியில் கேட்டார்:

“இப்ப அங்க எப்ப இருட்டுது?”

“அஞ்சு அம்பத்தஞ்சு ஆகுதும்மா.”

“போன வாரம் எப்ப?”